தேதி போட்ட சிகரெட்

பயம் என்றால் என்னவென்று எழுபத்திரண்டு வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. இதை எங்கள் குடியிருப்பில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். பொய் என்றுதான் சொல்வார்கள். நான் எதைச் சொன்னாலும் பொய் என்பது அங்கே கூட்டம் கூட்டாமலே நிறைவேறிவிட்ட தீர்மானம். நாற்பது வருஷம் பல்செட் செய்கிற தொழிலில் இருந்தவன் நான். ஒரு நீதிபதிக்கு நான் செய்துகொடுத்த செட், கூண்டில் நிற்பவன் பொய் சொன்னால் தானாகவே கடகடவென்று அடித்துக்கொள்ளும். அவர் ஓய்வு பெற்ற அன்று அவருக்கு ஒரு மாலையும் பல்லுக்கு ஒரு மாலையும் போட்டார்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன். சிரிக்கிறார்கள்.

ஆகவே இதையும் நீங்கள் நம்பியாக வேண்டும் என்று கேட்கப்போவதில்லை. 

எனக்கு ஒரு ரகசியம் இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு சிகரெட். ஒன்றே ஒன்று.

ஏழு வருஷத்துக்கு முன், என் மனைவி போன பிறகு, மகள் வீட்டுக்குப் பெட்டியோடு வந்து இறங்கினேன். மகள் நெஞ்சுநோய்ப் பிரிவில் தலைமை நர்ஸ். நுரையீரலைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர்களுக்கு மூச்சு விடுவதே கூச்சமாகிவிடும். வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள்:

"அப்பா, ஒண்ணே ஒண்ணுதான். இந்த வீட்ல சிகரெட் கூடாது. என் வீட்டுக்காரர் வெளியூர்ல, நான் ஷிப்ட்ல. வாண்டு உங்ககிட்டதான் வளரப்போறா. ஒரு தடவை என் கண்ணுல பட்டுச்சுன்னா அவளை உங்ககிட்ட விடமாட்டேன். வேற ஆள் பாத்துக்குவேன்."

வாண்டு என்பது என் பேத்தி. அப்போது ஆறு வயது, அம்மாவின் இடுப்புக்குப் பின்னாலிருந்து என் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விட்டுட்டேம்மா" என்றேன். அன்று சாயங்காலமே மறைத்து வைக்க இடம் தேடினேன்.

முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே, படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரோடு ஒரு சிவப்புப் பெட்டி. தீயணைக்கிற குழாய் வைப்பதற்காகக் கட்டியது. குழாய் எப்போது போனது என்று கட்டடத்துக்கே நினைவில்லை. அதற்குள், நான் பல் வேலைக்கு மெழுகுத் தகடு வைத்திருந்த பழைய தகர டப்பாவை வைத்தேன். மாதம் பிறந்ததும் மூன்று பாக்கெட், முப்பது சிகரெட். பல் அச்சுகளில் நோயாளி எண் போடுகிற மெல்லிய பென்சிலால் ஒவ்வொன்றின் பஞ்சுப் பக்கத்திலும் தேதி எழுதுவேன். ஒன்று முதல் முப்பது வரை. வரிசையாக அடுக்கினால் முன்னால் நிற்பது இன்றைய தேதி. காலை பதினொரு மணிக்கு, மகள் ஆஸ்பத்திரியிலும் வாண்டு பள்ளிக்கூடத்திலும் இருக்கும்போது, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அன்றைய தேதியைப் புகைப்பேன். முப்பத்தொன்று உள்ள மாதங்களில் கடைசி நாள் பட்டினி. ஏனென்றால் கடைக்காரம்மா பாக்கெட்டைப் பிரித்து ஒற்றையாகத் தரமாட்டார்.

இந்தக் கடைக்காரம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத் தெருக் கோடியில், சட்டம் சொல்கிற நூறு மீட்டரைத் தாண்டி ஒரு பெட்டிக்கடை. நோட்டு, பென்சில், பிஸ்கட், சிகரெட். பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் சிகரெட் இல்லை என்று அவரே அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார். மீசை முளைக்காத ஒருவன் வந்து, "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்றால், "உங்கப்பாவுக்குக் காலு இருக்கா? இருந்தா அவரையே வரச் சொல்லு" என்று துடைப்பத்தை எடுப்பார். என் ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவர். முதல் மாதமே, "யாருகிட்டயும் சொல்லமாட்டேன் ஐயா, ஆனா இது நல்லதில்ல" என்றார். நல்லதில்லை என்பதை மாதாமாதம் சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை.

ஏழு வருஷம் இப்படி ஓடியது. போன மாதம்தான் கோளாறு ஆரம்பித்தது.

இரண்டாம் தேதி பதினொரு மணிக்கு டப்பாவைத் திறக்கிறேன், முன்னால் மூன்று நிற்கிறது. இரண்டைக் காணோம். மூன்றிலிருந்து முப்பது வரை படை அணிவகுப்பு போல அப்படியே இருக்கின்றன. திருடன் என்றால் டப்பாவையே தூக்கிக்கொண்டு போயிருப்பான். இன்றைய தேதியை மட்டும் எடுத்துக்கொண்டு நாளைய தேதியை எனக்கு விட்டுவைக்கிற மரியாதையான திருடன் உலகத்தில் உண்டா? ஆகவே, நான்தான் ஏற்கெனவே பிடித்துவிட்டேன். பிடித்தது மறந்துவிட்டது.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னோடு வேலை பார்த்த ஒருவர் கடைசிக் காலத்தில் சொந்த மகனைப் பார்த்து, "தம்பி, நீங்க எந்த ஊரு?" என்று கேட்பார். மகன் ஊரைச் சொல்வான். மறுபடி கேட்பார். எனக்கு அது கண்முன் வந்தது.

ஐந்தாம் தேதியும் இல்லை. எட்டாம் தேதியும் இல்லை. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த காலண்டரில், மறந்துபோன நாட்களுக்கெல்லாம் ஒரு புள்ளி வைத்தேன். மாதக் கடைசியில் பதினான்கு புள்ளிகள். உள்ளங்கையில் மகள் பெயரையும் பேத்தி பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதிக்கொண்டு திரிந்தேன். குளித்தால் அழியும் என்று இரண்டு நாள் குளிக்கவில்லை. வாண்டு ஒரு நாள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன தாத்தா, என் பேரை எழுதி வச்சிருக்கீங்க?"

"அழகான பேரு. அதான்."

அவள் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பாள்.

கடைக்காரம்மாவிடம் மட்டும் சொன்னேன், "எனக்கு ஞாபகம் போகுதும்மா."

"உங்களுக்கா? போன வருஷம் சொன்ன பொய்யை ஒரு எழுத்து மாறாம இப்பவும் சொல்றீங்களே ஐயா" என்றார்.

எனக்கு அது ஆறுதலாக இல்லை.

அந்த மாதத்தில்தான் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கழிவறையில் சிகரெட் புகைத்து மயங்கி விழுந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு வந்தது என் மகளின் வார்டுக்கு. அவள் அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "பதிமூணு வயசுப்பா. வாண்டு வயசு" என்றாள்.

அந்த வாரமே இயக்கம் ஆரம்பமாயிற்று. 'பிள்ளைகள் கையில் புகையிலை வேண்டாம்' என்று பெயர். மகள் செயலாளர். தலைவர், கீழ் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. எல்லோரும் அவரைச் சுங்கம் என்றே கூப்பிடுவோம், அவர் மனைவி உட்பட. நாடாவைப் பிடித்துப் பள்ளி வாசலிலிருந்து நூறு மீட்டர் அளந்தார்கள். கடை கடையாகப் போய், சிறுவர்களுக்கு விற்கமாட்டோம் என்று கையெழுத்து வாங்கினார்கள். முதல் கையெழுத்துப் போட்டவர் நம் கடைக்காரம்மா.

என்னை என்ன செய்தார்கள் தெரியுமா? சிகரெட்டை விட்டொழித்த பெரியவர் என்று பள்ளிக்கூடத்துக்குப் பேச அழைத்துப் போனார்கள். நானும் பேசினேன். விடுவதற்காகக் கடைசி சிகரெட்டைக் கல்லில் கட்டிக் கிணற்றில் போட்டதையும், மறுநாள் அந்தக் கிணற்றுத் தவளைகள் எல்லாம் இருமியதையும் விவரித்தேன். முந்நூறு பிள்ளைகள் கைதட்டினார்கள். முன் வரிசையில் வாண்டு மட்டும் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா மேடையில் உளறுகிறாரே என்று கூச்சம் என நினைத்துக்கொண்டேன்.

இந்த மாதம் மூன்றாம் தேதி சனிக்கிழமை. சுங்கம் தலைமையில் தொண்டர்கள் பள்ளிக்கூடத்துப் பின்சுவருக்கு வெளியே போய், சிகரெட் துண்டுகளை இடுக்கியால் பொறுக்கினார்கள். கையால் தொட்டால் சாட்சியம் கெட்டுவிடும் என்பது சுங்கத்தின் கட்டளை. எல்லாம் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் வந்தன. மறுநாள் குடியிருப்புச் சங்க அறையில் அதை என் முன்னால் வைத்தார்.

"பெரியவரே, நீங்க பொடிப்பொடியா வேலை செஞ்ச ஆளு. உங்க லென்ஸை எடுங்க. இதுல என்னமோ எழுதியிருக்கு பாருங்க."

லென்ஸைக் கண்ணில் மாட்டி, ஒரு துண்டை இடுக்கியால் எடுத்தேன். பஞ்சின் மேல் மெல்லிய பென்சில். பதினேழு. ஏழுக்கு நடுவே குறுக்குக் கோடு. ஒன்றுக்குத் தலையில் சின்னக் கொடி.

உலகத்தில் ஒன்றுக்குக் கொடி கட்டி ஏழுக்கு இடுப்புக்கட்டு போடுகிறவன் எனக்குத் தெரிந்து ஒரே ஆள்தான். 

"சரியா தெரியல" என்றேன்.

"எனக்குத் தெரியுது" என்றார் சுங்கம். "இரண்டு, எட்டு, பதினேழு. எல்லாத்துலயும் நம்பர். பாக்கெட்டைப் பிரிச்சு ஒத்தை ஒத்தையா விக்கிறவங்கதான் கணக்குக்கு நம்பர் போடுவாங்க. பள்ளிக்கூடத்துப் பக்கத்துல சிகரெட் விக்கிற கடை ஒண்ணுதான் இருக்கு."

"அந்தம்மா அப்படிப்பட்டவங்க இல்ல" என்றாள் என் மகள்.

"அட்டையைத் தொங்கவிட்டு அதுக்குப் பின்னால விக்கிறாங்க. முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! அடுத்த ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம். மனு எழுதறோம், திங்கக்கிழமை நகராட்சியில குடுக்கறோம். உரிமம் ரத்து. பெரியவரே, ஜாடியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. நிபுணர் அறிக்கை ஒண்ணு எழுதிக் குடுங்க."

என் குற்றத்துக்கு நானே நிபுணர். ஜாடியைத் துண்டால் மூடி மாரோடு அணைத்துக்கொண்டு படியேறினேன். சிவப்புப் பெட்டியைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத பகலில், ஜன்னலோரம் வெள்ளைக் காகிதம் விரித்துத் துண்டுகளை அடுக்கினேன். பதினொன்று இருந்தன. அலமாரியைத் திறந்து காலண்டரைப் பார்த்தேன். ஒவ்வொரு துண்டின் எண்ணுக்கும் அங்கே ஒரு புள்ளி இருந்தது. நான் மறந்ததாக நினைத்த ஒரு நாளும் நான் மறந்த நாள் இல்லை!

சந்தோஷத்தில் இரண்டு எட்டு ஆடினேன். மூன்றாவது எட்டில் நின்றேன். நான் பிடிக்கவில்லை என்றால், யாரோ பிள்ளைகள் பிடித்திருக்கிறார்கள். மயங்கி விழுந்த அந்தப் பையன் குடித்தது என் தேதியாக இருக்கலாம்.

லென்ஸை மாட்டி மறுபடி குனிந்தேன். இப்போது எண்ணைப் பார்க்கவில்லை; தொழில் புத்தி பல்தடத்தைப் பார்த்தது. பழகியவர்கள் சிகரெட்டை உதட்டால் பிடிப்பார்கள். புதிதாகப் பிடிப்பவர்கள் பயத்தில் பல்லால் கடிப்பார்கள். பத்துத் துண்டுகளில் இருந்தவை பெரிய பற்கள், யார் யாருடையவோ. பதினேழாம் எண் மட்டும் வேறு. ஒரே ஒரு இழுப்பு இழுத்துத் தூக்கி எறிந்தது போல முக்கால்வாசி எரியாமல் இருந்தது. பஞ்சில் மேல்வரிசை முன்பல் இரண்டின் தடம். இடப்பக்கத்துப் பல்லுக்கு ஒரு மூலை இல்லை. நெல்மணி அளவு முக்கோணமாக உடைந்த பல்.

எனக்கு அந்த முக்கோணத்தைத் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன் இதே படிக்கட்டில் விழுந்து உடைந்தது. உடைந்த துணுக்கை நான்தான் மூன்றாம் படியில் கண்டெடுத்தேன். பதினெட்டு வயதானதும் மூடி போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்காக நான் எடுத்துவைத்த அச்சு அலமாரியின் மேல்தட்டிலேயே இருந்தது.

அச்சை எடுத்தேன். பஞ்சு இரண்டு முறை விலகிப் போயிற்று. மூன்றாவது முறை பொருந்தியது. இம்மியும் இடைவெளி இல்லை.

ஜாடி வந்த ஞாயிற்றுக்கிழமையே டப்பா பக்கம் போகவில்லை; அதன் பிறகும் நான் அதைத் தொடவில்லை. சிகரெட்டை விடுவதற்கு எத்தனையோ வழி சொல்கிறார்கள். இந்த அளவுக்குப் பலிக்கிற வழியை நான் கேள்விப்பட்டதில்லை. சாப்பாட்டு மேஜையில் எதிரே வாண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு முறை இருமினால் என் கையிலிருந்த தம்ளர் தளும்பும். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறப்பேன். கேட்டால் அவள் அழுவாள், அழுதால் மகள் கேட்பாள், மகள் கேட்டால் அது என் டப்பாவில் போய் நிற்கும். கேட்காவிட்டால் இந்தப் பிள்ளை நாளைக்கு இரண்டாவது இழுப்பு இழுக்கும். இரண்டு பக்கமும் நெருப்பு, நடுவில் நான் எறும்பு.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். கடைக்காரம்மா பென்சில் டப்பாவைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கு வந்திருந்தது.

"நாளைக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க ஐயா."

"துண்டுகள்ல நம்பர் இருக்காம்மா."

"தெரியும். மாசாமாசம் என் கடை பெஞ்சுல உக்காந்துதானே எழுதுவீங்க. ஏழுக்கு இடுப்புல கோடு."

"அப்ப ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

அவர் தூசி தட்டுவதை நிறுத்தவில்லை. "சொல்லமாட்டேன்னு சொன்னேன்ல?"

"கடை போயிடும்மா."

"போனா என்ன செய்யறதுன்னு நாலு நாளா யோசிக்கிறேன். ஒண்ணும் தோணல. எனக்கு வேற வேலை தெரியாது." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "நீங்க ஒண்ணும் யோசிக்கலையா ஐயா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. சங்க அறையில் அறுபது நாற்காலி, எண்பது பேர். மேஜைமேல் ஜாடி, பக்கத்தில் தட்டச்சு செய்த மனு. மகள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். வாண்டு பின்னால் பிஸ்கட் தட்டை ஏந்தி வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரம்மா முதல் வரிசையின் ஓரத்தில், கையை மடியில் கோத்துக்கொண்டு.

சுங்கம் எழுந்தார். "இந்த நம்பர் உங்க கடையில போட்டதா, இல்லையா?"

"கடையில வச்சுப் போட்டதுதான்" என்றார் கடைக்காரம்மா. பொய் சொல்லத் தெரியாத ஜென்மம்.

அறை 'ஆ' என்றது.

"யார் போட்டது?"

"அதைச் சொல்லமாட்டேன்."

"கையும் களவுமா மாட்டிக்கிட்டு, அகம்பாவத்தைப் பாருங்க! மனுவுல எல்லாரும் கையெழுத்துப் போடலாம்."

பேனா கை மாறத் தொடங்கியது. கடைக்காரம்மா ஒரு தடவை என் பக்கம் பார்த்தார்; உடனே பார்வையை எடுத்துக்கொண்டார், என்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதுபோல. நான் எப்படி எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. கால் எழுந்தது, நான் கூடவே போனேன்.

"அது என் எழுத்து" என்றேன். "சிகரெட்டும் என்னுது. ஏழு வருஷமா படிக்கட்டுல, தீயணைப்புப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன். நாளுக்கு ஒண்ணு. தேதி போட்டு வைப்பேன்."

அறை முழுக்கச் சிரிப்பு.

"ஆரம்பிச்சுட்டாருய்யா!"

"தீயணைப்புப் பெட்டிக்குள்ள சிகரெட்டாம்! தாத்தா, தவளை இருமினதைவிட இது பிரமாதம்!"

"அந்தம்மாவைக் காப்பாத்தப் பாக்கறாரு. நல்ல மனசு. உக்காருங்க பெரியவரே."

வாழ்க்கையில் முதல் முறையாகக் கலப்படம் இல்லாத உண்மையைச் சொல்கிறேன், கைதட்டுகிறார்கள். சுங்கம்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிக்காதவர்கள் மூன்று பேர்: கடைக்காரம்மா, என் மகள், பின்னால் பிஸ்கட் தட்டோடு நின்ற வாண்டு.

பேனா ஓடிக்கொண்டே இருந்தது. நாற்பது கையெழுத்து ஆகியிருக்கும். நான் கரும்பலகைக்குப் போய்ச் சாக்பீஸை எடுத்தேன். ஒன்று, தலையில் கொடி. இரண்டு. மூன்று. முப்பது வரைக்கும் எழுதினேன். ஏழு வரும்போதெல்லாம் இடுப்பில் கோடு. பதினேழை எழுதும்போது சாக்பீஸ் உடைந்தது.

சுங்கம் ஜாடியையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு பலகைக்கு வந்தார். ஒரு துண்டு, ஒரு எண். மறு துண்டு, மறு எண். சிரிப்பு முன் வரிசையில் நின்றது. பிறகு ஒவ்வொரு வரிசையாகப் பின்னால் போய் அணைந்தது.

மகள் பேனாவை மூடிவைத்தாள். "எப்பலேருந்து அப்பா?"

"நீ சொன்னியே... அன்னிக்குச் சாயங்காலத்துலேருந்து."

அவள் நோட்டையும் மூடினாள். ஏதாவது கேட்டிருக்கலாம்.

சுங்கம் மனுவை எடுத்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். அவர் நேர்மையான மனிதர். ஆனால் உடனே அடுத்த வேலைக்குப் போய்விடுவார். "சரி. சிகரெட் இவரோடது. அதை எடுத்துப் பிள்ளைங்ககிட்ட சேத்தது யாரு? துண்டுல பல்தடம் இருக்கு. பெரியவரே, உங்களுக்கு மெழுகுல பல் அச்சு எடுக்கத் தெரியுமில்ல? நாளைக்கே பள்ளிக்கூடத்துல முந்நூறு பேரையும் வரிசையா நிக்கவச்சுக் கடிக்கச் சொல்லுவோம். ஒண்ணொண்ணா பொருத்திப் பாத்தா ஆள் மாட்டிக்குவாங்க."

"அது முடியாது" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "பஞ்சுல பல்லு பதியாது. பதிஞ்சாலும் நிக்காது."

"நீங்கதானே, கடிச்ச பழத்தைப் பாத்தே ஆளைச் சொல்லிடுவேன்னு போன வருஷம் சொன்னீங்க?"

"அது பொய்."

"இல்ல, அது நல்ல யோசனைதான்" என்றாள் என் மகள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "யாருன்னு தெரிஞ்சாதான் அந்தப் பிள்ளைக்கு வைத்தியம் பாக்க முடியும்."

நான் மகளைப் பார்க்கவில்லை. பின்னால் பார்த்தேன். வாண்டு உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். தட்டிலிருந்த பிஸ்கட்டுகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"அம்மா" என்றாள் அவள். "மெழுகு வேணாம்மா. அது நான்தான்."

எண்பது தலைகள் திரும்பின. எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது நல்லதாயிற்று.

"நான் குடிக்க எடுக்கல. டப்பாவைப் பாத்தேன், தாத்தா எழுத்துன்னு தெரிஞ்சுது. உன்கிட்ட சொன்னா தாத்தாவை அனுப்பிடுவே. இல்ல, என்னைத் தாத்தாகிட்ட விடமாட்டே. அதான் காலையில ஸ்கூலுக்குப் போறப்ப அன்னிக்கு உள்ளதை மட்டும் எடுத்துடுவேன். எல்லாத்தையும் எடுத்தா தாத்தா இடத்தை மாத்திடுவார்ல? அப்பப்ப ஒண்ணு எடுத்தா கொஞ்சமாவது குறையும்னு... ஸ்கூலுக்குள்ள கொண்டுபோனா பையில மாட்டிக்கும். அதனால பின்சுவர்கிட்ட புதர்ல போட்டுடுவேன். அங்க பசங்க வந்து பொறுக்குவாங்கன்னு எனக்குத் தெரியாது." மூச்சு வாங்கினாள். "தாத்தா கையில என் பேரை எழுதி வச்சிருந்தாங்க. அதைப் பாத்து ரொம்பப் பயந்துட்டேன். அப்புறமும் நிறுத்தல. அந்தப் பையன் மயங்கி விழுந்தப்பதான் நிறுத்தினேன்."

"பதினேழு?" என்றேன் நான். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"அது மட்டும் நான். ஒரு இழுப்பு. எங்களைவிட உங்களுக்கு இதுல அப்படி என்ன இருக்குன்னு பாத்தேன்." முகத்தைச் சுளித்தாள். "ஒண்ணுமே இல்ல தாத்தா."

பிஸ்கட் தட்டு விழுந்தது. மகள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டவாக்கில் முதுகில் ஓர் அடியும் வைத்தாள். பிறகு அந்த ஈரக் கண்ணோடு என்னைப் பார்த்தாள். எழுபத்திரண்டு வருஷமாகத் தெரியாதிருந்த பயத்தை எனக்கு முழுசாக அறிமுகப்படுத்தியது அந்தப் பார்வைதான்.

சுங்கம் கடைக்காரம்மா முன்னால் போய், எல்லோரும் பார்க்கக் கை கூப்பினார். அவர், "கையை இறக்குங்க சார், வெளியே கடை தெறந்து கெடக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

இயக்கம் நிற்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைகளை விட்டுவிட்டு வீடு வீடாகப் போனார்கள். அலமாரிக்கு மேலே, பீரோவுக்குப் பின்னால், ஷூவுக்குள், பூந்தொட்டிக்கு அடியில் என்று கிடைத்தவற்றைக் கொட்டியபோது, அது கடைக்காரம்மா ஒரு வருஷம் விற்றதைவிடப் பெரிய குவியலாக இருந்தது. சுங்கம் தன் வீட்டுச் செருப்பு அலமாரியிலிருந்து பாதிப் பாக்கெட் ஒன்றைத் தானே இடுக்கியால் பிடித்து எடுத்துக்கொண்டு வந்தார். அது யாருடையது என்று அவரும் சொல்லவில்லை, அவர் மனைவியும் சொல்லவில்லை. மயங்கி விழுந்த பையன் வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். அங்கே என்ன பேசினேன் என்பதைக் கதையாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

கடைக்காரம்மா அட்டையைப் புதிதாக எழுதி மாட்டியிருக்கிறார். பதினெட்டு வயதுக்குக் கீழ் சிகரெட் கிடையாது. அதற்கடியில், எழுபது வயதுக்கு மேலும் கிடையாது. எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். துடைப்பத்தைப் பார்த்தார். வந்துவிட்டேன்.

மகள் என்னை அனுப்பவில்லை. பேசவும் இல்லை. மீதமிருந்த சிகரெட்டுகளை, நான்கு முதல் முப்பது வரை, இருபத்தேழையும் அதே கண்ணாடி ஜாடியில் போட்டுச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்துவிட்டாள். தூக்கிப் போட்டால் எங்கே போய்ச் சேரும் என்பதை இந்த வீடு கற்றுக்கொண்டுவிட்டது. காலையில் நான் எண்ணுகிறேன். பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாண்டு எண்ணுகிறாள். அவளுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து மகள் எண்ணுகிறாள். அவளுக்கு எங்கள் இருவர் மேலும் இல்லை.

நேற்று நான் தாமதமாக எண்ணியபோது இருபத்தாறு இருந்தது. வாண்டு போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. சட்டையைக்கூட மாட்டாமல் படியில் இறங்கி ஓடினேன், பின்சுவருக்குப் போனேன், எழுபத்திரண்டு வயதில் புதருக்குள் முட்டி போட்டுத் தேடினேன். ஒன்றும் இல்லை. திரும்பி வந்து ஜாடியைக் கவிழ்த்து மறுபடி எண்ணினேன். இருபத்தேழு. ஒன்று கண்ணாடியோடு ஒட்டி நின்றிருக்கிறது.

சாயங்காலம் மகள் எண்ணி முடித்து, என் முழங்காலில் இருந்த மண்ணைப் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

பத்து நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நடந்ததை நடந்தபடியே சொன்னேன். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். உள்ளே போய் மருந்தும் பஞ்சும் எடுத்துவந்து முட்டியைத் துடைத்துவிட்டாள். எரிந்தது. முட்டியை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.